அரசுப் பணமும் மதப் பள்ளியும்

எங்கள் படிப்பு மையம் இரவு 7 மணிக்குத் தொடங்கும். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பி, முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். நான் அங்கே தொண்டராக இருக்கிறேன். 12-ஆம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். வயதில் எல்லோருக்கும் இளையவள் நான்தான். ஆனாலும் எல்லோரும் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள். ஒரு அக்கா ஒரு தாளை மடித்து எடுத்து வந்தார். மகளை 6-ஆம் வகுப்பில் சேர்ப்பதற்கான விண்ணப்பம் அது. அந்தப் பள்ளியை நடத்துவது ஒரு மத நிறுவனம். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசு.

அக்கா விண்ணப்பத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே இப்படி ஒரு வரி இருந்தது: "என் பிள்ளை பள்ளியின் வழிபாட்டிலும் மத வகுப்பிலும் கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்." அதன் கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு.

"டீச்சர், பெரியவனைச் சேர்க்கும்போது இந்த வரி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன். இப்போது படித்துவிட்டேன். கையெழுத்துப் போடணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த பெரியவர் சட்டென்று சொன்னார்: "அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. அது நம் எல்லோருடைய பணம். அந்தப் பணத்தில் ஏன் ஒரு மதத்தைச் சொல்லித் தரணும்? பணத்தை நிறுத்தட்டும்."

"நிறுத்திவிட்டால் உங்கள் பேத்தி எங்கே படிப்பாள், பெரியப்பா? அவளும் அந்தப் பள்ளியில்தானே படிக்கிறாள்?" என்றார் இன்னொரு பெண்.

பெரியவர் பேசவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. "ஒரு வாரம் நேரம் கொடுங்கள்" என்று கேட்டேன். நூலகத்துக்குப் போனேன். அரசியல் சட்டப் புத்தகத்தைப் பார்த்தேன். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

யாருடைய பணம்?

நாம் கடையில் சோப்பு வாங்குகிறோம். அந்த விலையில் வரியும் இருக்கிறது. பெட்ரோலில் வரி இருக்கிறது. செருப்பில் வரி இருக்கிறது. இந்து வாங்கினாலும் வரி. முஸ்லிம் வாங்கினாலும் வரி. கிறிஸ்தவர் வாங்கினாலும் வரி. சாமி இல்லை என்பவர் வாங்கினாலும் வரி. எல்லாம் ஒரே கஜானாவில் போய்ச் சேருகிறது. ஆகவே பெரியவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான்.

பதில் தேடும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பணத்தை வைத்துப் பார்த்தால் பள்ளிகள் மூன்று வகை.

முதல் வகை, அரசே முழுப் பணமும் போட்டு நடத்தும் பள்ளி.

இரண்டாம் வகை, உதவி பெறும் பள்ளி. 'எய்டட் ஸ்கூல்' என்று சொல்கிறோமே, அது. நடத்துவது தனியார். அது ஒரு திருச்சபையாக இருக்கலாம். ஒரு மடமாக இருக்கலாம். முஸ்லிம் சங்கமாக இருக்கலாம். மதத்தோடு தொடர்பு இல்லாத ஓர் அறக்கட்டளையாகவும் இருக்கலாம். ஆனால் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும்.

மூன்றாம் வகை, அரசிடம் பணம் வாங்காத பள்ளி. அது கட்டணத்திலும் நன்கொடையிலும் நடக்கும்.

அக்கா கொண்டு வந்த விண்ணப்பம் இரண்டாம் வகைப் பள்ளியுடையது.

இது எப்போது தொடங்கியது?

மதப் பள்ளிக்கு அரசு பணம் கொடுப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1780-ல் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒரு மதரசாவைத் தொடங்கினார். மதரசா என்பது முஸ்லிம்களின் மதக் கல்விக்கூடம். 1791-ல் காசியில் ஜோனாதன் டங்கன் ஒரு சமஸ்கிருதக் கல்லூரியைத் தொடங்கினார். இரண்டு பேரும் ஆங்கிலக் கம்பெனியின் அதிகாரிகள். முஸ்லிம் சட்டமும் இந்து சட்டமும் படித்த ஆட்கள் கம்பெனிக்குத் தேவைப்பட்டார்கள். அதற்காகத்தான் இவற்றைத் தொடங்கினார்கள்.

1854-ல் லண்டனில் இருந்து ஒரு கடிதம் வந்தது. அதை 'உட் அறிக்கை' என்பார்கள். தனியார் நடத்தும் நல்ல பள்ளிகளுக்கு அரசு உதவிப் பணம் கொடுக்கலாம் என்று அது சொன்னது. அந்தப் பள்ளி என்ன மதம் சொல்லித் தருகிறது என்று அரசு பார்க்காது. மற்றப் பாடங்களை நன்றாகச் சொல்லித் தருகிறதா என்று மட்டும் பார்க்கும். உதவி பெறும் பள்ளி என்ற ஏற்பாடு இப்படித்தான் வளர்ந்தது. கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள் பல இந்தப் பணத்தைப் பெற்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

நாடு விடுதலை பெற்றது. நமக்கென்று ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். 1948 டிசம்பரில் இதே கேள்வி அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதம் சொல்லித் தரலாமா? டாக்டர் அம்பேத்கர் எழுந்து பதில் சொன்னார். ஒரு மதத்துக்காக மக்களிடம் வரி வாங்கக் கூடாது என்று ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறோம். அப்படி இருக்க, வரிப்பணத்தில் ஒரு மதத்தைச் சொல்லித் தருவது சரியாகாது. நம் நாட்டில் மதங்கள் பல. ஒரு மதத்துக்குச் செய்தால் எல்லா மதத்துக்கும் செய்ய வேண்டும். அது நடக்கிற காரியமா? இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

பிறகு எழுதிய சட்டத்தை எளிமையாகச் சொன்னால் நான்கு விதிகள்.

ஒன்று. அரசே முழுப் பணமும் போட்டு நடத்தும் பள்ளியில் மத போதனை கூடாது. இது பிரிவு 28.

இரண்டு. உதவி பெறும் பள்ளியில் மத வகுப்பும் வழிபாடும் இருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சிறு பிள்ளையாக இருந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தர வேண்டும். இதுவும் பிரிவு 28-ல்தான் இருக்கிறது. பணம் வாங்காமல் அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளிக்கும் இந்த விதி உண்டு.

மூன்று. அரசுப் பணம் வாங்கும் பள்ளி, மதத்தையோ சாதியையோ மட்டும் காரணம் காட்டி ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. இது பிரிவு 29. சிறுபான்மையினர் பள்ளி தன் சமூகத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் மற்றவர்களுக்குக் கதவை முழுவதும் அடைக்க முடியாது.

நான்கு. மதச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் தங்கள் பள்ளியைத் தொடங்கி நடத்தலாம். சிறுபான்மையினர் நடத்துகிறார்கள் என்பதற்காக அரசு உதவியில் பாகுபாடு காட்டக் கூடாது. இது பிரிவு 30.

இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். மத நிறுவனம் நடத்தும் பள்ளிக்குப் பணமே தராதே என்று சட்டம் சொல்லவில்லை. பணம் தந்தால் கேள்வி கேட்காதே என்றும் சொல்லவில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். அரசுப் பள்ளிப் புத்தகத்தில் புத்தரைப் பற்றியும் நபிகளைப் பற்றியும் இயேசுவைப் பற்றியும் பாடம் இருக்கிறதே, அது சரியா? சரிதான். மதங்களைப் பற்றித் தெரிந்துகொள்வது வேறு. ஒரு மதத்தைப் பின்பற்றப் பழக்குவது வேறு. மதங்களைப் பற்றிப் படிப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நான்கு மாநிலங்களில் நடந்தது

சட்டம் தாளில் இருக்கிறது. ஊரில் எப்படி நடக்கிறது? நான்கு மாநிலங்களைப் பார்ப்போம்.

முதலில் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளை விட உதவி பெறும் பள்ளிகள் அதிகம். திருச்சபைகளும், முஸ்லிம் அமைப்புகளும், நாயர், ஈழவர் சமூக அமைப்புகளும் அவற்றை நடத்துகின்றன. 1957-ல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் இருந்த அரசு ஒரு கல்வி மசோதா கொண்டு வந்தது. சம்பளம் கொடுப்பது அரசு, ஆகவே ஆசிரியர் நியமனத்தில் அரசுக்குப் பங்கு வேண்டும் என்றது. பள்ளி நடத்தியவர்கள் எதிர்த்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 1958-ல் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. உதவி தரும்போது அரசு நியாயமான நிபந்தனை போடலாம். ஆனால் சிறுபான்மையினரின் பள்ளியை அவர்கள் கையில் இருந்து பிடுங்குவது போல நிபந்தனை போடக் கூடாது. இந்தச் சண்டை பெரிதாக வளர்ந்தது. 1959-ல் அந்த அரசு கலைக்கப்பட்டது. அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேரளத்து மதரசாக்கள் வேறு மாதிரி. முஸ்லிம் பிள்ளைகள் காலையில் மதரசாவுக்குப் போய்க் குர்ஆன் படிப்பார்கள். பிறகு மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போவார்கள். மதரசா ஊர் மக்கள் பணத்தில் நடக்கிறது. பள்ளிக்கு அரசு பணம் தருகிறது. மதமும் கிடைக்கிறது, படிப்பும் கிடைக்கிறது.

அடுத்தது மேற்கு வங்கம். அங்கே அரசு உதவி பெறும் மதரசாக்கள் பல, பள்ளிக்கூடம் மாதிரியே நடக்கின்றன. கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் உண்டு. இந்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்க 2008-ல் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. எங்கள் ஆசிரியரை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்று சில நிர்வாகங்கள் வழக்குப் போட்டன. அரசு அமைத்த ஆணையம் செல்லும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

மூன்றாவது அசாம். அங்கே நூற்றுக்கணக்கான மதரசாக்களை அரசே தன் கையில் எடுத்து முழுச் சம்பளமும் கொடுத்து வந்தது. 2020 டிசம்பரில் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. அந்த மதரசாக்கள் எல்லாம் சாதாரணப் பள்ளிகளாக மாற்றப்பட்டன. ஆசிரியர்களின் வேலையும் சம்பளமும் போகவில்லை. மதப் பாடம் நின்றது. இதை எதிர்த்துப் பலர் வழக்குப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் இடத்தில் மத போதனை கூடாது என்ற முதல் விதிதான் காரணம். சமூகம் தன் பணத்தில் நடத்தும் மதரசாக்களை அந்தச் சட்டம் தொடவில்லை.

கடைசியாக உத்தரப் பிரதேசம். அங்கே மதரசாக் கல்விக்கு 2004-ல் ஒரு சட்டம் வந்தது. 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. சுமார் 17 லட்சம் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்ற கவலை எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2024 நவம்பர் 5-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும். பிள்ளைகள் பிற்காலத்தில் பிழைக்கத் தேவையான படிப்பைப் பெறுகிறார்களா என்று அரசு பார்க்கலாம், தரத்தை ஒழுங்கு செய்யலாம். யாரையும் மத போதனைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. மதரசா வாரியம் கல்லூரிப் பட்டம் மட்டும் தர முடியாது. இப்படித் தீர்ப்புச் சொன்னது. அந்த மாநிலத்தில் சமஸ்கிருதப் பாடசாலைகளுக்கும் அரசு உதவி உண்டு.

அதே மாநிலத்தில் இன்னொரு கதையும் நடந்தது. மதரசாக்களில் கணக்கும் அறிவியலும் சொல்லித் தர ஆசிரியர்களை வைக்க மத்திய அரசு 1993-94-ல் ஒரு திட்டம் தொடங்கியது. பின்னால் பட்டதாரிக்கு மாதம் 6,000 ரூபாய், அதற்கு மேல் படித்தவருக்கு 12,000 ரூபாய் என்று இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 20,000-க்கு மேற்பட்டவர்கள் இந்த வேலையில் இருந்தார்கள். பல ஆண்டுகள் மத்திய அரசின் பணம் ஒழுங்காக வரவில்லை. 2022 மார்ச்சோடு திட்டமே முடிந்துவிட்டது. மாநில அரசும் தான் கொடுத்து வந்த தொகையை 2024 ஜனவரியில் நிறுத்தியது. இவர்கள் குர்ஆன் சொல்லித் தந்தவர்கள் அல்ல. கணக்குச் சொல்லித் தந்தவர்கள். பணம் நின்றபோது நின்றது கணக்குப் பாடம்தான். இதைப் படித்தபோது எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது.

இரண்டு பக்கமும் கேட்போம்

பணம் தரக் கூடாது என்பவர்கள் சொல்வது இது. எல்லோரும் கொடுக்கும் பணத்தை ஒரு மதத்துக்குத் தரக் கூடாது. மதம் வீட்டிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் இருக்கட்டும். பிள்ளைகள் ஒரே பள்ளியில் சேர்ந்து உட்கார்ந்தால்தான் ஒருவரை ஒருவர் அறிவார்கள். பணம் அரசுடையது, ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம் என்றால் தப்பு நடக்க இடம் உண்டு. அந்தப் பணத்தை அரசுப் பள்ளிக்குப் போட்டால் அது நன்றாக வளரும்.

பணம் தர வேண்டும் என்பவர்கள் சொல்வது இது. அரசு போகாத ஊர்களுக்கும் மத நிறுவனங்கள் பள்ளியைக் கொண்டு போயின. பணத்தை நிறுத்தினால் பணக்காரப் பிள்ளை கட்டணம் கட்டிப் படிக்கும். ஏழைப் பிள்ளை என்ன செய்யும்? அந்தப் பிள்ளையின் பெற்றோரும் வரி கட்டுகிறார்கள். உதவி பெறும் பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரை மதியச் சாப்பாடும் கிடைக்கிறது. மேலும், பணம் தந்தால்தான் அரசு உள்ளே போய்க் கேள்வி கேட்க முடியும்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பள்ளியின் பெயரைப் பார்த்துப் பணம் தரவும் வேண்டாம், பெயரைப் பார்த்துப் பணத்தை நிறுத்தவும் வேண்டாம். உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் படிக்க, எழுத, கணக்குப் போட வருகிறதா? வேறு மதத்துப் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டா? வேண்டாம் என்று சொன்னால் விடுகிறார்களா? ஆசிரியர் நியமனத்தில் லஞ்சம் இல்லையா? இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் இருந்தால் அரசு பணம் தரட்டும். அது படிப்புக்குத் தரும் பணம். மத போதனைக்கு ஆகும் செலவை அந்த மதத்தார் ஏற்கட்டும். எல்லா மதத்துப் பள்ளிக்கும் இதே கேள்விகள்தான். ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு வேறு நியாயம் என்று இருக்கக் கூடாது.

நம் கையில் இருப்பது

கேள்வி கேட்பது அரசின் வேலை மட்டும் அல்ல. இரண்டாம் விதியைத் திரும்பப் படியுங்கள். பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தர வேண்டும். அதாவது நீங்கள். பிரதமர் கையெழுத்து அல்ல, கலெக்டர் கையெழுத்து அல்ல. உங்கள் கையெழுத்து.

படிக்கத் தெரியாத காலத்தில் அந்தச் சம்மதம் கைநாட்டாகப் போய்விட்டது. எதற்குச் சம்மதித்தோம் என்றே நமக்குத் தெரியாது. இப்போது படிக்கத் தெரியும். ஆகவே விண்ணப்பத்தை முழுவதும் படியுங்கள். மதத்தைப் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பேசுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். விருப்பம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். அது உங்கள் உரிமை. விருப்பம் இல்லை என்றால் அதை எழுதிக் கொடுங்கள். அதுவும் உங்கள் உரிமை. எழுதிக் கொடுத்ததற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என்ன செய்தார்?

ஒரு வாரம் கழித்து இதையெல்லாம் மையத்தில் சொன்னேன். அக்கா வீட்டுக்குப் போய் மகளிடம் பேசினார். மகள் சொன்னாளாம்: "காலையில் தோழிகளோடு நிற்கிறேன் அம்மா. மத வகுப்பு நேரத்தில் கணக்குப் போடுகிறேன்."

அக்கா விண்ணப்பத்தில் அந்த வரியை அடித்தார். அதன் பக்கத்தில் தன் கையால் எழுதினார்: "காலை வழிபாட்டில் என் மகள் நிற்கலாம். மத வகுப்பு வேண்டாம்." கீழே கையெழுத்துப் போட்டார். 'வழிபாடு' என்ற சொல்லை மட்டும் என்னிடம் கேட்டு எழுதினார்.

பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் அதைப் படித்தார். அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். தலைமையாசிரியையிடம் எடுத்துப் போனார். அந்த அம்மா படித்துவிட்டுச் சொன்னார்: "சரி. அந்த நேரத்தில் நூலகத்தில் உட்காரட்டும்." அவ்வளவுதான். மகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"கை நடுங்கியது டீச்சர். ஆனால் எழுத்து நேராகத்தான் வந்தது" என்றார் அக்கா.

பெரியவர் மட்டும் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "சம்பளம் கொடுக்கிற அரசாங்கம் கணக்குக் கேட்கணும்" என்கிறார். கேட்கட்டும் என்று நாங்களும் சொல்கிறோம். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் பேத்தியோடு தானே போகப் போகிறாராம். என்ன கேட்பது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் உதவி பெறும் பள்ளி இருக்கிறதா? அதை நடத்துவது யார்?

2. உங்கள் பிள்ளையின் பள்ளியில் வழிபாடு உண்டா? உங்களிடம் சம்மதம் கேட்டார்களா?

3. அசாமில் செய்தது போல எல்லா இடத்திலும் செய்யலாமா? கேரளத்து ஏற்பாடு நல்லதா? உங்கள் கருத்து என்ன?

4. பெரியவர் சொன்னது சரியா? அவருக்குப் பதில் சொன்ன பெண் சொன்னது சரியா? ஏன்?